மூச்சை அளந்து பார்த்தது யார்?

(தலைப்பு: நோயாளியைக் கரை சேர்ப்பது மருந்தா? நம்பிக்கையா? 'மருந்தே' என்ற அணியில், அண்ணனூரிலிருந்து வந்த அன்பர் பேசியது)

நடுவர் அவர்களே! எனக்கு முன்னாடி பேசின சகோதரி ஒரு போடு போட்டுட்டுப் போனாங்க. "டாக்டர் முகத்தைப் பார்த்தாலே பாதி நோய் போயிடும்"னு சொன்னாங்க. உண்மைதாம்மா. ஆனா அவர் கொடுக்கிற பில்லைப் பார்த்ததும் போன பாதி திரும்பி வந்துடுதே! (சிரிப்பு, கைதட்டல்)

நான் அண்ணனூர்ல இருந்து வர்றேன். சென்னையில பாதிப் பேருக்கு அப்படி ஒரு ஊர் இருக்கறதே தெரியாது. ஆவடி லோக்கல்ல ஏறினா திருமுல்லைவாயல் தாண்டி ஒரு நிறுத்தம். கண் அசந்தா ஆவடியிலதான் இறங்கணும். மின்சார ரயில் பெட்டிகளைக் கொண்டு வந்து நிறுத்திப் பழுது பார்க்கிற பணிமனை எங்க ஊர்ப் பக்கம்தான் இருக்கு. அதனால ரயிலுக்கே வைத்தியம் பார்க்கிற ஊர்க்காரன்னு நான் கொஞ்சம் பெருமையா சொல்லிக்குவேன். "வண்டி நல்லாத்தான் ஓடும்னு என் மனசு சொல்லுது"ன்னு ஒருத்தர் சொன்னா, பிரேக்கைச் சோதிக்காம அந்த வண்டியை வெளியே விடுவாங்களா? விட்டா நீங்க ஏறுவீங்களா நடுவர் அவர்களே?

நடுவர்: நான் பஸ்ல போயிடுவேன்! (சிரிப்பு)

என் தொழிலும் அதுதான். அம்பத்தூர் எஸ்டேட்ல 24 வருஷமா தரப் பரிசோதனைப் பிரிவுல இருக்கேன். லேத்துல வேலை செய்யற அண்ணன் ஒருத்தர் இருக்கார். கை தேர்ந்தவர். பீஸைத் தடவிப் பார்த்துட்டு, "தம்பி, கை சொல்லுது, சைஸ் கரெக்ட்"ம்பார். நூத்துக்குத் தொண்ணூறு தடவை சரியாவே இருக்கும். ஆனாலும் நான் கேஜைப் போட்டுப் பார்ப்பேன். அவர் கோவிச்சுக்க மாட்டார். ஏன்னா அந்த மீதி பத்துதான் யாரோ ஒருத்தரோட வண்டியில போய் உடையும்னு அவருக்கும் தெரியும்.

இந்தக் கேஜ் போடற புத்தியோடதான் நான் இன்னிக்கு அக்குபஞ்சரைப் பத்திப் பேச வந்திருக்கேன். திட்ட வரலை. அதை முதல்லயே சொல்லிடறேன். எங்க பக்கம் அம்பத்தூர்லேர்ந்து பூந்தமல்லி வரைக்கும் தெருவுக்குத் தெரு போர்டு இருக்கு. போய் நல்லாயிட்டு வந்தவங்களும் இருக்காங்க. அவங்க எல்லாரும் பொய் சொல்றாங்கன்னு சொல்ற ஆளு நான் இல்லை.

ஊசி எப்படி இங்கே வந்ததுன்னு ரெண்டு வரி. 1938-ல ஜப்பான் படையெடுப்பு நடக்கும்போது நம்ம நாட்டுலேர்ந்து அஞ்சு டாக்டர்கள் சீனாவுக்கு உதவிக்குப் போனாங்க. அதுல டாக்டர் கோட்னிஸ் 1942-ல அங்கேயே இறந்துட்டார். அவரைப் பத்தி 1946-ல சாந்தாராம் படமே எடுத்தார். அந்த அஞ்சு பேர்ல இன்னொருத்தர் கல்கத்தாவைச் சேர்ந்த டாக்டர் பாசு. அவர் பின்னாடி மறுபடியும் சீனா போய் ஊசி வைத்தியத்தைக் கத்துக்கிட்டு வந்து, 1959 வாக்குல கல்கத்தாவுல ஆரம்பிச்சார். அமெரிக்காவுல அது பரவலாத் தெரிய வந்தது 1971-ல. ஜேம்ஸ் ரெஸ்டன்னு ஒரு பெரிய பத்திரிகைக்காரர் பீகிங் போன இடத்துல குடல்வால் வீங்கி அறுவை சிகிச்சை பண்ண வேண்டியதாப் போச்சு. வழக்கமான மரத்துப்போற மருந்து கொடுத்துத்தான் அறுத்தாங்க. அதுக்கப்புறம் வயித்துல ஏற்பட்ட உபத்திரவத்துக்குத்தான் ஊசி குத்தினாங்க. அவர் எழுதினதும் அப்படித்தான். ஆனா ஊர்வாய் என்ன சொல்லிச்சு? "ஆபரேஷனே ஊசியிலதான் பண்ணாங்களாம்!" அமெரிக்காவிலயும் டீக்கடை இருக்கு நடுவர் அவர்களே! (சிரிப்பு)

இப்ப ஒரு மனுஷரைப் பத்திச் சொல்றேன். பேரு டெட் காப்சக். அமெரிக்கர். சீன வைத்தியம் படிக்கணும்னு மக்காவுக்கே போய், 1975-ல பட்டம் வாங்கிக்கிட்டு பாஸ்டன் பக்கம் வந்து ஊசி போட ஆரம்பிச்சார். 1983-ல சீன வைத்தியத்தைப் பத்தி அவர் எழுதின புத்தகம் இன்னிக்கும் அந்தப் படிப்புப் படிக்கிறவங்களுக்குப் பாடம் மாதிரி. வர்றவங்களுக்கெல்லாம் நல்லாவுது. கூட்டம் சேருது. வேற ஒருத்தரா இருந்தா என்ன பண்ணியிருப்பார்? பக்கத்துக் கட்டடத்தையும் வாடகைக்கு எடுத்து ரெண்டாவது கிளை திறந்திருப்பார். (சிரிப்பு) இந்த மனுஷர் கேட்டது வேற. "இவங்களைக் குணப்படுத்தறது என் ஊசியா, இல்லை ஊசியைச் சுத்தி நடக்கிற மத்த விஷயமா?" தன் சோத்துல தானே கை வைக்கிற கேள்வி அது! ஊசி விக்கிறவரே ஊசியைச் சோதிக்கப் புறப்பட்டார். (கைதட்டல்) அவருக்கு எம்.டி. பட்டமும் கிடையாது, பி.எச்டி.யும் கிடையாது. ஆனாலும் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில பேராசிரியர் ஆனார். 2011-ல இதை ஆராயறதுக்குன்னே அங்கே தனிப் பிரிவு தொடங்கினாங்க.

டாக்டருங்க இதை 'பிளாசிபோ'ம்பாங்க. தமிழ்ல மருந்துப்போலின்னு ஒரு நல்ல சொல் இருக்கு. இலக்கணத்துல போலி படிச்சிருப்பீங்க. நிலம் - நிலன், முகம் - முகன். எழுத்து மாறும், பொருள் மாறாது. வைத்தியத்துல போலின்னா அப்படியே தலைகீழ். தோற்றம் மாறாது, உள்ளே பொருள் இருக்காது. (கைதட்டல்)

மாத்திரைக்குப் போலி செய்யறது சுலபம். வெறும் மாவைப் பிடிச்சு உருட்டினா போதும். ஊசிக்கு எப்படிப் போலி செய்வீங்க? குத்தினாத் தெரியும், குத்தலைன்னாலும் தெரியுமே! ஜெர்மனியில ஸ்ட்ரைட்பெர்கர்னு ஒருத்தர் 1998-ல வழி கண்டுபிடிச்சார். நம்ம நாடகக் கத்தி இருக்குல்ல? ராஜா பார்ட் நெஞ்சுல குத்தினா கத்தி பிடிக்குள்ளே போயிடும், ரசிகர்கள் 'ஐயோ'ன்னு கத்துவாங்க. அதே வித்தை. முனை மழுங்கின ஊசி. தோலைத் தொட்டதும் பிடிக்குள்ளே போயிடும். படுத்திருக்கிறவருக்குச் சுருக்குனு இருக்கும், ஊசி இறங்கின மாதிரியே தெரியும். தோலைத் தாண்டவே இல்லை.

இப்படிப் பலவிதமாப் போலி ஊசி செஞ்சு, சீட்டுக் குலுக்கிப் போட்டு, யாருக்கு நிஜம் யாருக்குப் போலின்னு நோயாளிக்குச் சொல்லாம சோதிச்சாங்க. முடிவைக் கேளுங்க. ஒற்றைத் தலைவலிக்காரங்க 302 பேர், ஜெர்மனி, 2005. நிஜ ஊசி போட்டவங்கள்ல 51 சதவீதம் பேருக்குத் தலைவலி நாட்கள் பாதியாவோ அதுக்கும் கீழேயோ குறைஞ்சுது. இடம் தப்பி மேலோட்டமாப் போட்ட போலி ஊசியில? 53 சதவீதம்! ஒண்ணுமே போடாம காத்திருந்தவங்கள்ல 15 சதவீதம். அடுத்து 2007, முதுகுவலிக்காரங்க 1162 பேர். நிஜ ஊசிக்கு 47.6, போலிக்கு 44.2, வழக்கமான மருந்து, உடற்பயிற்சி வைத்தியத்துக்கு 27.4.

எதிரணி கை தட்டுது. தட்டுங்க, தட்டுங்க. இன்னும் ஒண்ணு தர்றேன், அதுக்கும் தட்டுங்க. 2009-ல அமெரிக்காவுல முதுகுவலிக்காரங்க 638 பேரைச் சோதிச்சாங்க. ஒரு பிரிவுக்கு ஊசி. இன்னொரு பிரிவுக்கு என்ன தெரியுமா? பல் குத்துற குச்சி! ஊசி வைக்கிற சின்னக் குழாய்க்குள்ளே பல்குச்சியை விட்டு முதுகுல தொட்டுத் தொட்டு எடுத்தாங்க. நோயாளி குப்புறப் படுத்திருக்கார், அவருக்கென்ன தெரியும்? அன்றாட வேலையில முன்னேற்றம் கண்டவங்க ஊசிப் பிரிவிலயும் ஏறக்குறைய 60 சதவீதம், பல்குச்சிப் பிரிவிலயும் 60 சதவீதம். வழக்கமான வைத்தியம் மட்டும் பார்த்தவங்கள்ல 39. சாப்பிட்டுட்டு ஓட்டல்ல ரெண்டு குச்சி இலவசமா எடுத்துட்டு வர்றோமே, அது இவ்வளவு பெரிய வைத்தியம்னு தெரியாமப் போச்சே! (பலத்த சிரிப்பு)

நடுவர்: தம்பி, ஒரு நிமிஷம். நீங்க மருந்து அணிதானே? போலி ஊசிக்கும் பல்குச்சிக்கும் மார்க் போட்டுக்கிட்டே போறீங்க. எதிரணியில உங்களுக்கு நாற்காலி போடச் சொல்லட்டுமா? (சிரிப்பு)

வேணாம் ஐயா, இங்கேயே உட்கார்ந்துக்கறேன். கணக்கை முழுசா வெச்சாத்தானே வழக்கு நிக்கும்? நியாயமா இன்னொண்ணும் சொல்லிடணும். 2012-ல 29 ஆய்வுகளை, ஏறக்குறைய 18,000 நோயாளிகளோட விவரத்தை ஒண்ணாச் சேர்த்துப் பார்த்தாங்க. நாள்பட்ட வலியில நிஜ ஊசி போலி ஊசியை விடக் கொஞ்சம் மேலேதான் நின்னுது. கொஞ்சம்தான். ஆனா ரெண்டுமே, ஒண்ணும் செய்யாம விட்டதை விட நல்லா மேலே.

அப்ப நம்பிக்கை வெறும் பொய்யா? இல்லவே இல்லை. 1978-ல கலிபோர்னியாவுல கடைவாய்ப் பல் பிடுங்கினவங்களுக்குப் போலி மருந்து கொடுத்தாங்க. சிலருக்கு வலி குறைஞ்சுது. அவங்களுக்கே அப்புறம் நாலாக்ஸோன்னு ஒரு மருந்தைச் செலுத்தினாங்க. அபினைப் போல வேலை செய்யற பொருள்களைத் தடுக்கிற மருந்து அது. போன வலி திரும்பி வந்துது! அப்படின்னா என்ன? நம்பிக்கை வெச்ச உடனே மூளை தன் சொந்தச் சரக்கைச் சுரந்திருக்கு. வலி கொல்லி நம்ம மண்டைக்குள்ளேயே இருக்கு. எந்த மெடிக்கல் ஷாப்பிலயும் ரசீது கேட்காத சரக்கு. வலி நிஜமாவே குறையுது. அதை மறுக்கிறவன் மடையன்.

ஆனா நடுவர் அவர்களே, நான் இதுவரைக்கும் சொன்னதை ஒரு தடவை திரும்பிப் பாருங்க. தலைவலி, முதுகுவலி, பல்வலி. எல்லாமே வலி. வலிங்கறது உணர்ச்சி. 'குறைஞ்சுடுச்சு'ன்னு அவர் உணர்ந்தா குறைஞ்சுடுச்சுதான். அங்கே கேஜே அவர்தான். உணர்ச்சிக்குக் கீழே வேற ஒண்ணு இருக்கிற நோய்ல என்ன ஆகும்? அடைச்சுக்கிட்ட மூச்சுக்குழாய், ஏறிக்கிட்டே போற சர்க்கரை, நுரையீரலைத் தின்கிற கிருமி. அங்கே இந்த வித்தை எதுவரைக்கும் போகும்?

இதையும் அதே காப்சக் கூட்டம்தான் சோதிச்சது. 2011-ல வெளிவந்தது. ஆஸ்துமாக்காரங்க 46 பேரைச் சேர்த்தாங்க, 39 பேர் கடைசி வரைக்கும் வந்தாங்க. ஒவ்வொருத்தருக்கும் நாலு விதமும் மாத்தி மாத்திப் பல தடவை. ஒரு நாள் நிஜ பஃப். அதாவது சால்பியூட்டமால், நம்ம ஊர்ல அஸ்தாலின்னு வாங்குறோமே, அந்தச் சரக்கு. ஒரு நாள் மருந்தே இல்லாத போலி பஃப். ஒரு நாள் போலி ஊசி. ஒரு நாள் ஒண்ணும் இல்லாம சும்மா உட்கார வெச்சாங்க. நிஜ ஊசி இந்தச் சோதனையில இல்லை, அதையும் சொல்லிடறேன். அப்புறம் ரெண்டு விதமா அளந்தாங்க. முதல்ல ஆளைக் கேட்டாங்க: "எப்படி இருக்கு?" நிஜ பஃப்புக்கு 50 சதவீதம் நல்லாயிருக்குன்னாங்க. போலி பஃப்புக்கு 45. போலி ஊசிக்கு 46. சும்மா இருந்ததுக்கு 21. பாருங்க, ஆளைக் கேட்டா மூணும் ஒண்ணு! மருந்துக்கும் மாயத்துக்கும் வித்தியாசமே இல்லை.

ரெண்டாவதா ஆளைக் கேட்கலை. நுரையீரலைக் கேட்டாங்க. கருவியில ஊதச் சொல்லி, ஒரு விநாடியில எவ்வளவு காத்து வெளியே வருதுன்னு அளந்தாங்க. நிஜ பஃப்புல 20 சதவீதம் கூடுச்சு. போலி பஃப்புல 7. போலி ஊசியில 7. சும்மா உட்கார்ந்திருந்தா? அதுவும் 7!

(அவையில் அமைதி)

வாய் சொல்றது ஒண்ணு, நுரையீரல் சொல்றது ஒண்ணு. 'நல்லாயிருக்கு'ன்னு சொல்ற மனுஷரோட மூச்சுக்குழாய் அப்பவும் அடைச்சுக்கிட்டேதான் இருக்கு. அவர் பொய் சொல்லலை. அவருக்கே தெரியலை. அதுதான் இதுல பயங்கரம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, இந்தக் கணக்கு எங்க வீட்டுக்கு வந்தது. எங்க அக்கா. என்னை விட எட்டு வயசு பெரியவங்க. அம்மா போனதுக்கப்புறம் எனக்கு அம்மா. சின்ன வயசுலேர்ந்தே இழுப்பு. கல்யாணமாகி வந்து பஞ்சு பறக்கிற தையல் கம்பெனியில இருபது வருஷம் உட்கார்ந்ததுல அது நிரந்தரமாச்சு. தினமும் ஒரு பஃப், இழுப்பு வந்தா இன்னொரு பஃப், அதுல வண்டி ஓடிட்டிருந்தது. ஒரு நாள் யாரோ சொன்னாங்கன்னு ஊசி வைத்தியரைப் பார்க்கப் போனாங்க. பேரு வேண்டாம், ஊரும் வேண்டாம். அந்த மனுஷர் அக்காவை உட்கார வெச்சு ஒரு மணி நேரம் பேசினாராம். கையைப் பிடிச்சு நாடி பார்த்தாராம். "என்னம்மா கவலை உனக்கு?"ன்னு கேட்டாராம். அக்கா அழுதுட்டாங்களாம். முப்பது வருஷமா டாக்டர்கிட்டே போற அக்காவை அப்படி ஒருத்தர் கேட்டதே அதுதான் முதல் தடவை.

ரெண்டு வாரத்துல அக்கா முகமே மாறிப் போச்சு. "தம்பி, பாரம் இறங்கின மாதிரி இருக்குடா"ன்னாங்க. எனக்கும் சந்தோஷம். மூணாவது வாரம் அந்த மனுஷர் சொல்லியிருக்கார்: "பஃப் விஷம், உடம்புல கழிவைத் தேக்குது, தூக்கிப் போடு." அக்கா எங்ககிட்டே ஒரு வார்த்தை சொல்லாமத் தூக்கிப் போட்டுட்டாங்க.

மார்கழி மாசம். ராத்திரி ரெண்டு மணி. மாமா போன் பண்றார், பேச்சே வரலை அவருக்கு. நான் ஓடிப்போய்ப் பார்த்தா, அக்கா கட்டிலைப் பிடிச்சுக்கிட்டு முன்னால குனிஞ்சு உட்கார்ந்திருக்காங்க. உதடு நீலம். ஒரு வார்த்தை முழுசாச் சொல்ல முடியலை. ஆட்டோல வெச்சுக்கிட்டுப் போனோம். அந்த லெவல் கிராஸிங் கேட் மூடியிருந்த அஞ்சு நிமிஷம் எனக்கு அஞ்சு வருஷம். ஆஸ்பத்திரியில ஆக்சிஜன், நெபுலைசர், ஊசி. அந்த ஊசியில மருந்து இருந்தது நடுவர் அவர்களே! (கைதட்டல்) விடிய விடியப் போராடிக் காப்பாத்தினாங்க. காலையில அந்த டூட்டி டாக்டர், சின்னப் பொண்ணு, என்னைத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டாங்க: "இவங்களுக்கு இப்படி ஆகிறதுக்கு முன்னாடி நாலஞ்சு நாளா மூச்சு குறைஞ்சுக்கிட்டே வந்திருக்கும் சார், யாருமே ஊதச் சொல்லி அளந்து பார்க்கலையா?"

24 வருஷமா கேஜ் வெச்சுப் பிழைக்கிறவன்கிட்டே அந்தக் கேள்வி. பீக் ஃப்ளோ மீட்டர்னு ஒரு பிளாஸ்டிக் குழாய். சில நூறு ரூபாய்தான். ஊதினா முள் நகரும். அவ்வளவுதான். இழுப்பு இருக்கிற வீட்டுல அது ஒண்ணு கிடந்தா, ஆள் 'நல்லாயிருக்கேன்'னு சொல்லும்போதே முள் 'இல்லை'ன்னு சொல்லும்.

இப்ப சொல்லுங்க, குத்தவாளி யாரு? ஊசியா? ஊசி பாட்டுக்கு இருந்தது. அக்காவுக்கு மனபாரம் குறைஞ்சதும் நிஜம். கூடவே பஃப்பும் இருந்திருந்தா நான் இன்னிக்கு இந்த மேடையில பேச வேண்டியதே இல்லை. 'தூக்கிப் போடு'ன்னு சொன்ன வாய்தான் குத்தவாளி. மத்திய அரசு 2003-ல அக்குபஞ்சரை ஒரு சிகிச்சை முறையா, பயிற்சி உள்ளவங்க செய்யலாம்னு அனுமதிச்சுது. 2019-ல தனி முறையாவே ஏத்துக்கிட்டுது. ஊசி போட அனுமதி கொடுத்தாங்க. அதுல எங்கேயாவது, அடுத்தவர் எழுதிக் கொடுத்த மருந்தைப் பிடுங்கிப் போடுன்னு அனுமதி இருக்குதா?

இப்ப எங்க அணிக்காரங்களே கொஞ்சம் முகம் சுளிக்கிற மாதிரி ஒண்ணு சொல்லப் போறேன். அக்கா ஏன் அங்கே போனாங்க? அதைக் கேட்காம அக்காவை முட்டாள்னு சொல்றது பெரிய அநியாயம். விடியக்காலை அஞ்சு மணிக்கு எழுந்து, ஓ.பி. சீட்டு வாங்கி, நாலு மணி நேரம் நின்னு, டாக்டர் முன்னால உட்கார்ந்தா, தலையை நிமிர்த்தாமலே "அதே மருந்து"ன்னு எழுதிக் கொடுத்துட்டு "நெக்ஸ்ட்". தனியார்ல போனா அதே கதைக்கு ஐந்நூறு ரூபாய், ஏ.சி. மட்டும் கூடுதல். (சிரிப்பு) நான் டாக்டரைக் குறை சொல்லலை. வெளியே இன்னும் நூறு பேர் நிக்கிறாங்க, அவர் என்ன பண்ணுவார்? ஆனா அந்தப் பேச்சும் வைத்தியத்துல சேர்த்திதான்னு காப்சக் அளந்தே காட்டிட்டார்.

2008-ல வெளியான ஆய்வு. வயித்துக் கோளாறு, அடிக்கடி குடல் இழுத்துப் பிடிக்கிறவங்க 262 பேர். மூணு பிரிவு. முதல் பிரிவுக்கு ஒண்ணும் இல்லை, காத்திருக்கச் சொன்னாங்க. ரெண்டாவது பிரிவுக்குப் போலி ஊசி, ஆனா பேச்சு கிடையாது. வணக்கம், படுங்க, ஊசி, போயிட்டு வாங்க. மூணாவது பிரிவுக்கும் அதே போலி ஊசி. ஆனா முதல் நாளே வைத்தியர் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து கேட்டார். இந்த வியாதியால என்ன கஷ்டப்படறீங்க, வீட்டுல எப்படி, எதைச் சாப்பிட பயமா இருக்கு. தோளைத் தொட்டார். நல்லாயிடும்னு உறுதியாச் சொன்னார். மூணு வாரம் கழிச்சுக் கேட்டா, போதுமான நிவாரணம் கிடைச்சுதுன்னு சொன்னவங்க முதல் பிரிவுல 28 சதவீதம், ரெண்டாவதுல 44, மூணாவதுல 62. ஊசி அதேதான். அதுவும் போலி ஊசி. 44-க்கும் 62-க்கும் நடுவுல இருக்கிறது வெறும் பேச்சு! (பலத்த கைதட்டல்)

இன்னொண்ணு, பொய் சொல்லி ஏமாத்தினாத்தான் இது நடக்கும்னு நினைக்காதீங்க. 2010-ல 80 பேரைச் சேர்த்து, ஒரு பிரிவுக்கு அவர் பாட்டில்லயே 'போலி மாத்திரை'ன்னு எழுதிக் கொடுத்தார். "இதுல மருந்து கிடையாதுங்க, இருந்தாலும் ரெண்டு வேளை தவறாம சாப்பிடுங்க, உடம்பு தானே எதிர்வினை காட்டலாம்"னு விளக்கமும் சொன்னார். 59 சதவீதம் பேருக்கு நிவாரணம். ஒண்ணும் சாப்பிடாதவங்களுக்கு 35. இதுவும் வயித்துக் கோளாறுதான், இதுவும் அவங்க வாயால சொன்னதுதான், சின்ன ஆய்வுதான். ஆனாலும் நம்மூர்ல உண்மையான மருந்துப் பாட்டில்ல என்ன இருக்குன்னே நமக்கு யாரும் சொல்றதில்லை. அங்கே ஒண்ணுமில்லாத பாட்டிலுக்கு விளக்கம் சொல்றாங்க. (சிரிப்பு)

அணி மாறிட்டானோன்னு எங்க தலைவர் என்னையே பார்க்கிறார். மாறலை தலைவரே. கடைசியா நம்ம சென்னைக் கதைக்கு வந்துடறேன்.

காசநோய்னா அந்தக் காலத்துல என்ன நம்பினாங்க? நல்ல காத்து, நல்ல சாப்பாடு, படுத்த படுக்கை, ஆஸ்பத்திரிவாசம். அது இல்லாம டி.பி. போகாதுன்னு படிச்ச டாக்டர்களே சத்தியம் பண்ணாங்க. தாம்பரத்துல சவுரிமுத்து டாக்டர் 1928-ல சானடோரியம் கட்டினார். இன்னிக்கும் அங்கே ரயில்வே ஸ்டேஷன் பேரே சானடோரியம்தான். ஆனா படுக்கை கொஞ்சம், நோயாளி லட்சம். ஏழைக்கு எங்கே போறது? 1956-ல சென்னையில காசநோய் ஆய்வு மையம் ஒண்ணைத் தொடங்கினாங்க. இப்ப சேத்துப்பட்டுல தேசிய நிறுவனமா இருக்கே, அதுதான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், இங்கிலாந்து மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் எல்லாம் சேர்ந்து நடத்தினாங்க. ஒரே மருந்து எல்லாருக்கும். ஆனா சீட்டுக் குலுக்கி பாதிப் பேரை சானடோரியத்துக்கு அனுப்பினாங்க. பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினாங்க. வீடுன்னா எப்படிப்பட்ட வீடு? ஒத்தை அறையில ஏழெட்டுப் பேர், கஞ்சி, கூழு, ஓய்வும் கிடையாது.

ஒரு வருஷம் மருந்து கொடுத்துப் பார்த்து, 1959-ல முடிவை வெளியிட்டாங்க. வீட்டுல இருந்து மருந்து சாப்பிட்டவங்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானாங்க! நல்ல காத்து வாங்கினவனுக்கும், கூட்டத்துல கஞ்சி குடிச்சவனுக்கும் எக்ஸ்-ரே ஒண்ணுதான் சொல்லிச்சு, சளிப் பரிசோதனை ஒண்ணுதான் சொல்லிச்சு. வேலை செஞ்சது மாத்திரை! (கைதட்டல்) அன்னிக்கு அந்த டாக்டர்கள் நோயாளியைப் பார்த்து, "எப்படிப்பா இருக்கு, தெம்பா இருக்கா?"ன்னு மட்டும் கேட்டுட்டு விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்? மலைக்காத்து வாங்கினவன் தெம்பா இருக்குன்னு சொல்லியிருப்பான். உலகம் முழுக்க இன்னும் சானடோரியம் கட்டிக்கிட்டு இருந்திருப்போம். படுக்கை கிடைக்காத ஏழை வாசல்லயே செத்திருப்பான். அளந்தாங்க, அதனால பிழைச்சான். நம்ம சென்னைச் சேரி வீடுகள்ல நடந்த இந்தச் சோதனையை வெச்சுத்தான், டி.பி.க்கு வீட்டுல இருந்தே மருந்து சாப்பிடலாம்னு உலகம் மாறிச்சு.

எங்க அக்கா இன்னிக்கும் ஊசிக்குப் போறாங்க நடுவர் அவர்களே. ஆமா, போறாங்க! முட்டி வலிக்கு. வேற ஒரு வைத்தியர். "உங்க பஃப்பை நிறுத்தாதீங்கம்மா, அது உங்க டாக்டர் பாடு, முட்டி மட்டும் என் பாடு"ன்னு முதல் நாளே சொன்னாராம். போயிட்டு வந்தா ரெண்டு நாளைக்கு நல்லா நடக்கிறாங்க. அது ஊசியாலயா, அவர் கேட்கிற 'எப்படி இருக்கீங்க'ஆலயான்னு நான் ஆராய்ச்சி பண்ணலை. எனக்கு அக்கா நடந்தாப் போதும். காலையில எழுந்ததும் குழாயை ஊதி, முள் நின்ன இடத்தைக் காலண்டர்ல எழுதறாங்க. எழுதலைன்னா நான் போன் பண்ணித் திட்டுவேன், "அளந்தியா?"ன்னு. "வேலைக்கு வந்தவன் மாதிரி பேசறான் பாரு"ன்னு அவங்க திருப்பித் திட்டுவாங்க. (சிரிப்பு)

எதிரணித் தலைவர் எழுந்து வரும்போது ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லட்டும். அந்த மார்கழி ராத்திரி ரெண்டு மணிக்கு, எங்க மாமா தலைமாட்டுல கையை விட்டுத் தேடினாரே, அங்கே அவர் கைக்கு எது தட்டுப்படணும்னு நீங்க ஆசைப்படறீங்க? (மணி ஒலிக்கிறது)

மணி அடிச்சுட்டாங்க. (பலத்த கைதட்டல்)